நோயாளியின் ஏடு: தோட்டத்து ஆஸ்பத்திரி முதல் செலாயாங் வரை



பத்துமலை என்றதும் நம் நினைவுக்கு வருவது முருகப் பெருமானின் குகைக் கோயில்தான். 272 படிகள், தைப்பூசக் காவடிகள், 2006-ஆம் ஆண்டில் எழுந்த நெடிய திருவுருவம் ஆகியவற்றை அறியாத தமிழர் இந்நாட்டில் இல்லை. ஆனால் அதே பத்துமலைக்கு மருத்துவ வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கோயிலுக்குச் சிறிது தொலைவில் செலாயாங் மருத்துவமனை இருக்கிறது. அதன் அஞ்சல் முகவரியே 68100 பத்துமலை என்பதாகும். 1999-ஆம் ஆண்டில் 960 கட்டில்களுடன் அது திறக்கப்பட்டபோது, காகிதம் இல்லாத, எக்ஸ்ரே படச்சுருள் இல்லாத மருத்துவமனை என்று அறிமுகமாயிற்று. நோயாளியைப் பற்றிய செய்திகள் அனைத்தையும் கணினியிலேயே எழுதிக் கணினியிலேயே படிக்கும் முறையை, ஒரு பெரிய அரசாங்க மருத்துவமனை முழுவதிலும் மலேசியா முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்த இடம் அதுவே.

அப்போது நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவராக இருந்தோம். பாடக் குறிப்பு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் ஏடு என்று காகிதக் கட்டுகளைச் சுமந்து திரிந்த நமக்கு, காகிதமே இல்லாத ஆஸ்பத்திரி என்பது கதையில் வரும் மாளிகை போலத் தோன்றியது. ‘நோயாளியின் ஏடு கணினிக்குள் போய்விட்டால் நோயாளிக்கு என்ன நன்மை?’ என்று அன்று நாம் கேட்கவில்லை. பின்னாளில் நம் வீட்டிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. அதைப் பிறகு சொல்கிறோம். முதலில் ஏட்டின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

ஏட்டில் எழுதிய எண்களே உயிர் காத்த வரலாறு நம் கிள்ளானிலேயே நடந்திருக்கிறது. 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளைய மருத்துவர் கிள்ளான் மாவட்டத்திற்குப் பொறுப்பேற்று வந்தார். இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாம் அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் துறைமுகத் தொழிலாளரைக் கூட்டங் கூட்டமாகச் சாய்த்தது. வாட்சன் செய்த முதல் வேலை கணக்கெடுத்ததுதான். யார், எந்த வீதியில், என்ன நோயால் ஆஸ்பத்திரிக்கு வந்தார், யார் இறந்தார் என்று எழுதி வைத்தார். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த அறிவைக் கொண்டு வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டினார், காட்டை அழித்தார். 1901-ல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர் 368 பேர். 1902-ல் 59 பேர். 1903-ல் 46 பேர். இந்த எண்கள் ஏட்டில் இல்லாதிருந்தால், வாய்க்கால் வெட்டியதால்தான் சாவு குறைந்தது என்பதை யாரிடம் மெய்ப்பித்திருக்க முடியும்? வாய்க்காலுக்குப் பணம் கொடுத்த அரசாங்கம் எதை நம்பிக் கொடுத்திருக்கும்?

பின்பு தோட்டங்கள் பெருகின. தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட நிருவாகத்தின் கடமை என்று சட்டம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் அதில் ஒரு டிரெசரும் வந்தனர். பெரிய டாக்டர் எப்போதோ ஒரு நாள் காரில் வந்து போவார். மற்ற நாள்களிலெல்லாம் டிரெசர்தான் டாக்டர். காலையில் பெரட்டுக் களத்தில் கிராணியார் பேர் கூப்பிடும்போது, வேலைக்கு வராதவர் யார், அவருக்கு உண்மையிலேயே காய்ச்சலா என்பதை எழுதி வைப்பவரும் அவரே. நீளமான பதிவேடு ஒன்று, மைக்கூடு ஒன்று, கொயினாப் புட்டி ஒன்று ஆகியவை அவர் மேசையில் இருந்தன. அந்தப் பதிவேட்டில் தொழிலாளியின் பெயர், லயத்து எண், நோய், கொடுத்த மருந்து என்று வரிசை வரிசையாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு அந்த ஏடே மருத்துவ நினைவு. அது தோட்டத்தை விட்டு வெளியே போகாது. தோட்ட மக்களும் அதிகம் வெளியே போகாத காலம் அது. ஆகவே ஏடும் ஆளும் ஒரே இடத்தில் இருந்தனர்.

உலகின் மற்றப் பகுதிகளிலும் இதே முயற்சி நடந்து வந்தது. 1854-ஆம் ஆண்டில் கிரிமியப் போர்க்களத்து மருத்துவமனைக்குச் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் விளக்கேந்திய பெருமாட்டி என்று பள்ளியில் படிக்கிறோம். அவர் கணக்கேந்திய பெருமாட்டியும் ஆவார். படைவீரர்கள் குண்டுக் காயத்தால் இறந்ததைவிட, மருத்துவமனையின் அசுத்தத்தால் வந்த நோய்களால் இறந்ததே மிகுதி என்பதை அவர் எண்களைக் கொண்டும் படங்களைக் கொண்டும் அரசாங்கத்துக்குக் காட்டினார். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஒவ்வொரு மருத்துவரும் தனக்கெனத் தனிப் பேரேடு வைத்திருந்தார். நோயாளி மூன்று மருத்துவரைப் பார்த்தால் அவர் கதை மூன்று பேரேடுகளில் சிதறிக் கிடக்கும். 1907-ஆம் ஆண்டில் ஹென்றி பிளம்மர் என்பவர் இதை மாற்றினார். ஒரு நோயாளிக்கு ஓர் எண், ஓர் உறை, எந்த மருத்துவர் எழுதினாலும் அதே உறைக்குள் என்பது அவர் வகுத்த முறை. இன்று நாம் மருத்துவமனையில் காணும் கோப்புக்கு அதுவே மூதாதை.

இனி, தீவிர சிகிச்சைக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பெருகிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்து குழந்தைகள் மூச்சு முட்டி இறந்தனர். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தும் வழியைக் காட்டினார். அமுக்குவதற்கு ஆள் வேண்டுமே! மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்து, இரவும் பகலும் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து பையை அமுக்கினர். இரப்பர்ப் பால் எடுத்த நம் மக்களுக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி உருக்கம் தோன்றுவது இயல்பே. அடுத்த ஆண்டு, 1953 டிசம்பரில், மிகக் கடுமையான நோயாளிகளை ஒரே கூடத்தில் வைத்து இடைவிடாது கவனிக்கும் பிரிவை இப்சன் அமைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது அங்குத் தோன்றியது. நம் நாட்டில் அத்தகைய பிரிவு 1968-ல் வந்தது.

தீவிர சிகிச்சையில் இருக்கும் நோயாளி தம் குறையைத் தாமே சொல்ல மாட்டார். அவர் மயக்கத்தில் இருப்பார். வாயில் குழாய் இருக்கும். அவருக்காகப் பேசுவன கருவிகளும் ஏடுமே. நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீரின் அளவு, ஊசி வழி இறங்கும் மருந்தின் வேகம் என்று மணிக்கு மணி எழுதவேண்டும். கட்டிலின் காலடியில் ஒரு பெரிய தாள் விரித்திருக்கும். தாதி அதில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். அந்தக் கோடு மெல்லச் சரிகிறதா, ஏறுகிறதா என்பதைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

இந்த வேலையில் பிழை எவ்வளவு நேரும்? இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1995-ஆம் ஆண்டில் எருசலேமிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கு ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் சராசரியாக 178 செயல்கள் செய்யப்பட்டன. அவற்றுள் 1.7 பிழைகள் நேர்ந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்பது இதன் பொருள். எம் வகுப்பில் ஒரு மாணவன் 99 மதிப்பெண் வாங்கினால் கைதட்டிப் பாராட்டுவோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் 99 மதிப்பெண் என்றால், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு நாளும் ஒன்று இரண்டு தவறுகள். இன்னொன்றையும் அவ்வாய்வு காட்டியது. மருத்துவர் சொல்லித் தாதி கேட்கும் வாய்ப்பேச்சு அங்கு நடக்கும் செயல்களில் மிகச் சிறிய பங்குதான். ஆனால் பிழைகளில் அதன் பங்கு பெரிது. கை தளர்ந்து செய்யும் தவறு மட்டுமன்று, செய்தி கைமாறும்போது நேரும் தவறும் பெரிது என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

காகித ஏடு ஏன் காட்டிக் கொடுக்கிறது? கையெழுத்து புரியாமல் போகிறது. 1.0 என்று எழுதியதன் நடுப்புள்ளி மங்கினால் 10 ஆகிறது. மருந்து பத்து மடங்காகிவிடும். கோப்பு எக்ஸ்ரே அறையில் இருக்கும்போது மருத்துவர் வார்டில் இருப்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரு கோப்பைப் படிக்க முடியாது. மருந்து ஒவ்வாது என்று முதல் பக்கத்தில் எழுதியது, நாற்பதாம் பக்கத்தில் எழுதுபவர் கண்ணில் படாது.

இக்குறைகளுக்குக் கணினி மருந்தாகும் என்ற எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் ஹோமர் வார்னர் என்ற மருத்துவர் 1960-களிலேயே நோயாளியின் பரிசோதனை முடிவுகளைக் கணினியில் ஏற்றி, ஆபத்து வந்தால் அது தானே எச்சரிக்கும்படி செய்ய முயன்றார். 1968-ஆம் ஆண்டில் லாரன்ஸ் வீட் என்பவர், நோயாளியின் குறைகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தி, ஒவ்வொரு குறைக்கும் என்ன செய்தோம் என்று எழுதும் ஒழுங்கை வகுத்தார். ஒழுங்கில்லாத ஏட்டைக் கணினிக்குள் போட்டால் ஒழுங்கில்லாத கணினிதான் கிடைக்கும் என்பதை உணர்ந்தவர் அவர். 1998-ல் பாஸ்டன் நகரின் ஒரு பெரிய மருத்துவமனையில் செய்த ஆய்வு நல்ல செய்தி தந்தது. மருத்துவர் மருந்துச் சீட்டைக் கணினியில் எழுதத் தொடங்கியபின், தடுக்கப்படாமல் நோயாளியை எட்டக்கூடிய கடுமையான மருந்துப் பிழைகள் 55 விழுக்காடு குறைந்தன. அடுத்த ஆண்டு, அதாவது செலாயாங் திறந்த அதே 1999-ல், அமெரிக்க மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை தவிர்க்கக்கூடிய பிழைகளால் இறக்கின்றனர் என்று அது மதிப்பிட்டது. தவறு செய்த தனி ஆளைத் தண்டிப்பதால் இது தீராது, தவறு நேராதபடி முறையை அமைக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தப் பின்னணியில் நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1996-ல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியபோது, தொலைமருத்துவமும் அதன் முதன்மைப் பயன்பாடுகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. 1997-ல் அதற்கான பெருந்திட்டம் வெளியாயிற்று. பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரே வாழ்நாள் மருத்துவ ஏடு என்பது அதன் கனவு. அந்தக் கனவின் முதல் பெரிய கட்டடம் செலாயாங். 2000-ல் புத்ராஜெயாவும், பின்பு செர்டாங், சுங்கை பூலோ முதலிய மருத்துவமனைகளும் அவ்வழியில் வந்தன.

செலாயாங்கில் நோயாளியைப் பதிவு செய்வது, இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்தகம், வார்டு ஆகிய எல்லாம் ஒரே கணினி வலையில் இணைக்கப்பட்டன. இதன் பயனை எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். விபத்தில் அடிபட்ட ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்று கொள்வோம். முன்பெல்லாம் அவர் இரத்தத்தை எடுத்துச் சென்ற பணியாளர் முடிவுத் தாளைக் கொண்டுவரும் வரை காத்திருக்கவேண்டும். எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். கணினி வலையில், பரிசோதனைக்கூடத்தில் எண் பதிவான மறுகணமே அறுவைக்கூடத்தில் அது தெரியும். எக்ஸ்ரே படத்தை இரண்டு மருத்துவர்கள் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஏடு ஆளைத் தேடி வருகிறது. தோட்டத்தில் ஏடும் ஆளும் ஒரே இடத்தில் இருந்ததாகச் சொன்னோமே, ஊர் பெரிதானபின் அந்த வசதியை மீண்டும் உண்டாக்க எடுத்த முயற்சி என்றே இதைச் சொல்லலாம்.

ஆனால் நேயர்களே, கதை இத்துடன் மங்களமாக முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2002-ஆம் ஆண்டில் அங்கு மருந்துச் சீட்டுகளையெல்லாம் கணினிக்கு மாற்றினர். மருத்துவமனை முழுவதையும் ஆறே நாளில் மாற்றினர். பிழை குறையும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். 2005-ல் அம்மருத்துவமனையின் மருத்துவர்களே தங்கள் கணக்கை வெளியிட்டனர். வேறு இடங்களிலிருந்து சிறப்புச் சிகிச்சைக்காக அங்கு மாற்றப்பட்டு வந்த குழந்தைகளுள் முன்பு இறந்தவர் 2.80 விழுக்காடு. கணினி வந்தபின் 6.57 விழுக்காடு. உயிர் காக்க வந்த கருவியின் நிழலில் சாவு இரு மடங்குக்கு மேலாகியிருந்தது.

எப்படி? இதை நிதானமாகப் பார்க்கவேண்டும். முன்பு, நோயுற்ற குழந்தை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, மருத்துவர் தொலைபேசியில் நிலைமையைக் கேட்டு மருந்துகளை எழுதி வைப்பார். தாதி எடுத்துத் தயாராக வைத்திருப்பார். புதிய கணினியோ, குழந்தை வாசலுக்கு வந்து பதிவான பிறகே சீட்டு எழுத விட்டது. முன்பு பேனாவால் சில நொடிகளில் எழுதியதற்கு, இப்போது பல திரைகளைத் தாண்டிப் பல முறை அழுத்தவேண்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. தாதியர் கட்டிலருகே நிற்க வேண்டிய நேரத்தில் கணினியருகே நின்றனர். மருத்துவரும் தாதியும் முகம் பார்த்துப் பேசுவது குறைந்தது. தீவிர சிகிச்சையில் முதல் ஒரு மணி நேரம் பொன்னினும் அரிது. அந்த மணியில் சில நிமிடங்களைக் கணினி தின்றுவிட்டது.

இந்த மருத்துவர்களின் நேர்மையை நாம் போற்றவேண்டும். தங்கள் சொந்த வீட்டில் நேர்ந்ததை மறைக்காமல் எழுதினர். அதனால் பிறர் கற்றனர். சியாட்டல் நகரின் குழந்தைகள் மருத்துவமனை அதே கணினி முறையைப் பொருத்தியது. ஆனால் அவசர நோய்களுக்கான மருந்துத் தொகுப்புகளை முன்கூட்டியே கணினியில் ஆயத்தம் செய்து வைத்தது. மருத்துவரையும் தாதியரையும் கலந்து பேசி வேலை முறையை அமைத்தது. அங்கு இறப்பு கூடவில்லை என்று 2006-ல் அறிவித்தனர். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவமனையில், அத்தகைய மாற்றத்துக்குப்பின் இறப்பு 20 விழுக்காடு குறைந்தது என்று 2010-ல் எழுதினர். ஆக, கணினி நல்லதா கெட்டதா என்று கேட்பது தவறான கேள்வி. கரும்பலகை நல்லதா கெட்டதா என்று கேட்பது போன்றது அது. யார், எதற்காக, எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணினி ஏட்டுக்கே உரிய வேறு ஆபத்துகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை மணி அடித்தால், எதற்கும் காது கொடுக்காத நிலை வந்துவிடும். புலி வருகிறது என்று கத்திய சிறுவன் கதைதான். நேற்று எழுதியதை அப்படியே நகலெடுத்து இன்று ஒட்டினால், நேற்றைய நோயாளியே இன்றும் கட்டிலில் கிடப்பதாகத் தோன்றும். ஒரே திரையில் அடுத்தடுத்து இரு பெயர்கள் இருந்தால் விரல் தவறி மற்றவர் ஏட்டில் எழுத நேரும். 2017 மே மாதத்தில் ஒரு கணினிக் கிருமி உலகெங்கும் பரவியபோது, இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. அங்குப் பல இடங்களில் மீண்டும் தாளும் பேனாவும் எடுக்கவேண்டியதாயிற்று. 2018-ல் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அந்நாட்டின் அப்போதைய பிரதமருடைய விவரமும் அவற்றுள் ஒன்று. பூட்டிய அலமாரியைக் களவாட ஒரு திருடன் வாசல் வழியே வரவேண்டும். கணினியைக் களவாட அவன் வரவேண்டியதே இல்லை.

இனி, நம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். எம் தந்தையார் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாம் சிறுவராக இருந்தபோது அவருக்குக் காலில் புண் வந்து, டிரெசர் பென்சிலின் ஊசி போட்டார். உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறிவிட்டது. நல்ல வேளையாகப் பிழைத்தார். டிரெசர் ஒரு சிறு அட்டையில் சிவப்பு மையால் ‘பென்சிலின் கூடாது’ என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைப் பிஸ்கட்டு டின்னில் வைத்திருந்தார். பிறகு தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. ஆஸ்பத்திரியும் போயிற்று, பதிவேடும் போயிற்று, வீடு மாறியதில் டின்னும் போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் தந்தையார் கடும் நுரையீரல் காய்ச்சலோடு ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எந்த மருத்துவமனை என்பது இங்கு வேண்டாம். நினைவு தப்பிய நிலை. அங்குக் கணினி ஏடுதான். ஆனால் அந்தக் கணினியில் தந்தையாருக்கு இரண்டு ஏடுகள் இருந்தன என்பது பிறகே தெரிந்தது. முன்பொரு நாள் அடையாள அட்டை கொண்டுபோகாமல் சென்றபோது, முகப்பில் இருந்தவர் காதில் விழுந்தபடி பெயரைத் தட்டச்சிட்டுப் புதிய ஏடு தொடங்கியிருக்கிறார். மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு அதில் இருந்தது. இப்போது திறந்த ஏட்டிலோ அந்த இடம் வெறுமையாக இருந்தது. மருத்துவர் பென்சிலின் இனத்து மருந்தை எழுதினார். கணினி எச்சரிக்கவில்லை. அதற்கு எப்படித் தெரியும்? அதனிடம் சொல்லாததை அது அறியாது.

இரவுத் தாதி ஒருவர் மருந்தை ஏற்றுமுன் அம்மாவிடம் வந்து, “பாட்டி, தாத்தாவுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?” என்று தமிழில் கேட்டார். அம்மாவுக்கு மருந்தின் பெயர் நினைவில்லை. “டிரெசர் ஐயா சிவப்பு மையில எழுதிக் குடுத்தாரும்மா, கால்ல புண்ணு வந்தப்ப” என்றார். அதைக் கேட்ட நாம் மீதியைச் சொன்னோம். மருந்து மாற்றப்பட்டது. தந்தையார் வீடு திரும்பினார். நாற்பது ஆண்டுக்கு முன் எழுதிய சிவப்பு மை, காகிதம் அழிந்தபின்னும் அம்மாவின் நெஞ்சில் அழியாதிருந்தது. ஒரு தாதி கேட்டதால் அது வெளிவந்தது.

இங்கே நம் சமூகத்துக்குரிய ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். நம் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதும்போது ஒழுங்கு கிடையாது. லட்சுமி என்ற ஒரு பெயரை ஐந்தாறு விதமாக எழுதிய பிறப்புப் பத்திரங்களை, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பதியும்போது நாம் பார்த்திருக்கிறோம். தோட்டத்துக் கிராணியார் தம் காதில் விழுந்ததை எழுதினார், அதுவே சட்டமாயிற்று. குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லை. தந்தை பெயரே பின்னால் நிற்கிறது. ஆகவே பெயரை மட்டும் நம்பினால் ஒருவர் இருவராகவும், இருவர் ஒருவராகவும் ஆகிவிடுவர். இதற்கு மாற்று, அடையாள அட்டையின் 12 இலக்க எண். தீவிர சிகிச்சையில் கையில் கட்டும் பட்டையில் பெயரோடு எண்ணும் இருப்பது இதனால்தான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மருந்து கொடுக்கவேண்டும் என்பது நோயாளி பாதுகாப்பின் முதல் பாடம். பத்திரமில்லாமல், எண்ணில்லாமல் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அடையாள அட்டை இல்லாதவருக்குப் பள்ளியில் மட்டுமன்று, மருத்துவ ஏட்டிலும் உறுதியான இடமில்லை. அவர்களுக்கு அதைப் பெற்றுத் தருவது உயிர் காக்கும் பணி என்றே நாம் கருதவேண்டும்.

நம் நாட்டில் நோயாளி பாதுகாப்பு மன்றம் 2003-ல் அமைக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019 முதல் செப்டம்பர் 17-ஆம் நாளை நோயாளி பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறது. கோவிட் காலத்தில் தடுப்பூசிச் சான்றைக் கைத்தொலைபேசியில் காட்டியபோது, மின்னணு மருத்துவ ஏடு நம் சட்டைப் பைக்கே வந்துவிட்டது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையும் அந்த வாழ்நாள் ஏட்டைப் பற்றிப் பேசுகிறது. 1997-ல் கண்ட கனவு ஒரு தலைமுறைக்குப் பின்னும் முழுமை பெறவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். ஒரு மருத்துவமனையின் கணினி மற்றொன்றின் கணினியோடு பேசவேண்டும். அதுவரை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைச் சுமந்து செல்பவர் நோயாளியே. அவர் பேச முடியாதபோது அவருடைய வீட்டார்.

ஆகவே நேயர்களே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை எழுதி வையுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். எண், நாள்பட்ட நோய், தினமும் உண்ணும் மருந்தின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். அதைப் பிஸ்கட்டு டின்னில் பூட்டி வைக்காமல் பணப்பையில் வையுங்கள். மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையைக் காட்டுங்கள். மருந்து கொடுக்க வருபவர் பெயர் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். கேளாமல் கொடுக்க வந்தால் நீங்களே பணிவோடு கேளுங்கள்.

எம் தந்தையாரின் இரண்டு ஏடுகளையும் பின்னர் ஒன்றாக இணைத்துவிட்டனர். திரையின் மேற்பகுதியில் ஒவ்வாத மருந்தின் பெயர் இப்போது சிவப்பு எழுத்தில் தெரிகிறது. அம்மாவிடம் அதைக் காட்டினோம். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு உற்றுப் பார்த்தார். “டிரெசர் ஐயா எழுத்து மாதிரியே இருக்கு” என்றார்.